உரோமாபுரியின் வீடற்ற புனிதர்

நமது ஆலயங்களில் உள்ள சுரூபங்களிலே புனிதர்கள் எல்லோரும் துப்புரவான அங்கி தரித்துத்தான் நிற்கிறார்கள். பெனடிக்ற் யோசேப் லாபர் என்னும் புனிதரின் வரலாற்றைக் கேட்கும்போது அந்தச் சுரூபங்களைச் சற்றே மறந்துவிடுங்கள், வாசகரே. இவருடைய உடை கந்தல். இடுப்பிலே ஒரு பழைய கயிறு. தலையிலும் உடலிலும் பேன். பூசை காணும் வேளையில் இவர் பக்கத்தில் வந்து முழந்தாளிட்டால், நீங்களும் நானும் எழுந்து அடுத்த வாங்குக்குப் போயிருப்போம். அன்றைய உரோமையில் பலர் அப்படித்தான் செய்தார்கள்.

இவர் 1748ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் திகதி பிரான்சு தேசத்தின் வடபகுதியில் அமெத் என்னும் சிற்றூரில் பிறந்தார். பதினைந்து பிள்ளைகளில் மூத்தவர். குடும்பம் பட்டினி கிடந்த குடும்பமல்ல, கொஞ்ச நிலமும் தொழிலும் இருந்தன. பன்னிரண்டு வயதிலே, பங்குக் குருவாயிருந்த சிற்றப்பாவிடம் படிக்க அனுப்பினார்கள். 1766இல் அந்தப் பங்கிலே கொள்ளைநோய் புகுந்தது. சிற்றப்பாவும் இளைஞராகிய மருமகனும் வீடு வீடாகச் சென்று நோயாளரைப் பராமரித்தார்கள். அந்த நோயே சிற்றப்பாவையும் கொண்டுபோயிற்று.

அதன்பின் இவர் தேடியது சந்நியாச மடத்தை. இங்கேதான் இவருடைய வரலாறு நாம் எதிர்பார்க்கும் வழியை விட்டு விலகுகிறது. கர்த்தூசியன் மடத்துக்குப் போனார், வயது போதாது என்றார்கள். குளிர்காலத்தில் நெடுந்தூரம் நடந்து லா திராப் மடத்தின் கதவைத் தட்டினார், அங்கும் அதே மறுமொழி. வேறொரு கர்த்தூசியன் மடம் ஏற்றுக்கொண்டது, சில கிழமைகளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. 1769இன் பிற்பகுதியில் செத்போன் மடத்தில் துறவுடை அணிந்தார். மனச்சஞ்சலமும் நோயும் வாட்டவே 1770 ஜூலையில் அங்கிருந்தும் வெளியேற நேர்ந்தது. இருபத்திரண்டு வயதிலே, போன காரியம் எல்லாம் தோல்வி. மூத்த பிள்ளை ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு வீடு திரும்புவது என்றால் என்ன என்பதைப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

இம்முறை அவர் வீடு திரும்பவில்லை. இத்தாலியை நோக்கி நடந்தார். கியேரி என்ற ஊரிலிருந்து 1770 ஆகஸ்ட் 31ஆம் திகதி பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதினார். செத்போனை விட்டு வந்ததையும், இத்தாலியில் வேறொரு மடத்தைத் தேடப் போவதையும் அறிவித்து, தம்மால் அவர்களுக்கு நேர்ந்த கவலைக்கு மன்னிப்பும் கேட்டிருந்தார். அதுவே வீட்டாருக்கு அவர் எழுதிய கடைசிக் கடிதம்.

தேடிய மடம் கிடைக்கவில்லை. தெருவே மடம் என்பது நடந்து நடந்து அவருக்குத் தெளிவாயிற்று. லொரேத்தோ, அசிசி, பாரி, சுவிற்சர்லாந்தின் ஐன்சீடல்ன், ஸ்பானியாவின் கொம்பொஸ்தெல்லா என்று திருத்தலம் திருத்தலமாகக் கால்நடையாகவே யாத்திரை போனார். சிறு பையிலே புதிய ஏற்பாடு, கிறிஸ்துநாதர் அநுசாரம், ஒரு செபப்புத்தகம். கழுத்திலே செபமாலை, மார்பிலே பாடுபட்ட சுரூபம். சொத்து அவ்வளவே. கேட்காமல் கொடுத்தால் வாங்குவார். அன்றைய பசிக்கு மிஞ்சியதை வேறொரு ஏழையிடம் கொடுத்துவிடுவார். ஒன்றும் கிடைக்காத நாளில் குப்பையிலே எறிந்த கோவாத் தண்டும் தோடம்பழத் தோலும்தான் சாப்பாடு.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவைக்கவேண்டும். பெனடிக்ற் இந்த வாழ்வைத் தாமே தேர்ந்துகொண்டவர். தெருவில் படுக்கும் மற்றவர்கள் அப்படியல்ல. கடன், நோய், குடும்பச் சண்டை, வேலையின்மை என்று ஏதோ ஒன்று அவர்களைத் தெருவிலே தள்ளியிருக்கிறது. ஆகவே இவர் வரலாற்றைப் படித்துவிட்டு, வறுமை புனிதமானதுதானே, அவர்கள் அப்படியே இருக்கட்டும் என்று எவராவது சொன்னால், அவர் வரலாற்றைத் தலைகீழாகப் படித்தவர். பெனடிக்ற் போய் உட்கார்ந்தது தேர்ந்துகொள்ள வழியில்லாதவர்களின் வரிசையில். அங்கும் கடைசி இடத்தில்.

ஒருநாள் ஒருவர் இவருக்கு ஒரு காசு கொடுத்தார். பெனடிக்ற் நன்றி சொல்லி வாங்கி, பக்கத்தில் நின்ற இன்னொரு பிச்சைக்காரரிடம் அதை அப்படியே கொடுத்துவிட்டார். கொடுத்தவருக்குக் கோபம் பொங்கிற்று. தொகை போதாதென்று தம்மை அவமதித்துவிட்டான் என்று எண்ணினார்போலும். கைத்தடியை ஓங்கி அடித்தார். பெனடிக்ற் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டார். அந்த மனிதரைக் கொடியவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் தர்மம் செய்தவர். ஆனால் கொடுத்த பிறகும் அந்தக் காசு தம்முடையது என்றே நினைத்தார். அதை வைத்துக் கள்ளுக் குடிப்பானோ, யாரிடம் கொடுப்பானோ என்று கொடுத்த கையோடு கணக்குக் கேட்கும் பழக்கம் நம்மிடமும் இல்லையா?

லொரேத்தோவில் வேறு விதமான இருவர் இருந்தார்கள். சோரி என்னும் குடும்பத்தைச் சேர்ந்த கணவனும் மனைவியும் யாத்திரிகருக்கு இடங்கொடுப்பவர்கள். பெனடிக்றுக்கு நல்ல அறை ஒன்றைக் காட்டினார்கள். இது எனக்கு அதிகம் என்று மறுத்துவிட்டார். அவர்கள் மனம் நோகவில்லை, வற்புறுத்தவுமில்லை. கூச்சமின்றி அவர் தங்கக்கூடிய எளிய இடம் ஒன்றைக் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் அவர் வரும் காலத்தில் எதிர்பார்த்திருப்பார்கள். ஏழையின் மனமறிந்து கொடுக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வாழ்வின் கடைசி ஆண்டுகளில் லொரேத்தோ யாத்திரை தவிர மற்றக் காலமெல்லாம் உரோமையிலேயே இருந்தார். இரவிலே கொலோசியத்தின் இடிபாடுகளுக்குள் படுக்கை. பகலிலே ஆலயங்கள். எந்த ஆலயத்தில் நாற்பது மணி ஆராதனை நடக்கிறதோ அங்கே நற்கருணை முன் அசையாமல் இருப்பார். நாற்பது மணி ஆராதனையின் ஏழை என்றே சனங்கள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். முழந்தாளிட்டு முழந்தாளிட்டுக் கால்கள் வீங்கின. உடல் தளர்ந்தபின்பே, மன்சீனி என்ற குருவானவர் வீடற்றவர்களுக்காக நடத்திய இராத்தங்கு விடுதியில் ஒரு படுக்கையை ஏற்றுக்கொண்டார்.

1782 ஜூனில் மார்க்கோனி என்னும் குருவானவர் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் பூசை முடித்துத் திரும்பியபோது, பக்கத்தில் இவர் நிற்பதைக் கண்டார். பார்த்தவுடன் அருவருப்பே உண்டாயிற்று. பிற்காலத்தில் அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். பெனடிக்ற் கேட்டது பாவசங்கீர்த்தனம். கேட்டு முடித்தபோது, இந்த மனிதர் வேதசாஸ்திரம் படித்தவரோ என்று குருவானவர் வியந்தார்.

அடுத்த ஆண்டு, 1783 ஏப்ரல் 16, பெரிய வாரத்துப் புதன்கிழமை. சாந்தா மரியா ஐ மொந்தி ஆலயத்தில் பூசை கண்டு வெளியே வந்தவர் படியிலே மயங்கி விழுந்தார். கூட்டம் கூடிற்று. சாக்கரெல்லி என்ற இறைச்சிக் கடைக்காரர் அவரைத் தம் வீட்டுக்குத் தூக்கிச் சென்று தம் கட்டிலில் கிடத்தினார். அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப்பட்டது. அன்று மாலை உயிர் பிரிந்தது. வயது முப்பத்தைந்து.

முதலில் அறிவித்தவர்கள் தெருப் பிள்ளைகள். புனிதர் இறந்துவிட்டார் என்று கூவிக்கொண்டு வீதி வீதியாக ஓடினார்கள். நேற்றுவரை விலகிப்போன நகரம் இன்று முட்டிமோதி வந்தது. கூட்டத்தை அடக்கப் போர்வீரர் வரவேண்டியதாயிற்று. உயிர்த்த ஞாயிறன்று அதே ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அப்போது உரோமையில் தங்கியிருந்த ஜோன் தேயர் என்ற அமெரிக்கப் புரட்டஸ்தாந்து போதகர், இந்தப் பிச்சைக்காரரின் பெயரால் நடந்ததாகச் சொல்லப்பட்ட புதுமைகளை ஆராயத் தொடங்கி, அந்த ஆண்டிலேயே கத்தோலிக்கரானார். பின்னர் குருவாகவும் அபிஷேகம் பெற்றார். திருச்சபை 1860இல் பெனடிக்றை முத்திப்பேறு பெற்றவராகவும், 1881 டிசம்பர் 8ஆம் திகதி பாப்பரசர் 13ஆம் லியோவின் காலத்தில் புனிதராகவும் பிரகடனம் செய்தது.

இவையெல்லாம் பின்னாலே. 1783இல் அமெத் கிராமத்தில் ஒரு தாயும் தகப்பனும் மூத்த மகன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் பதின்மூன்று ஆண்டுகளைக் கழித்திருந்தார்கள். மகனைப்பற்றிய செய்தி உரோமையிலிருந்து அவர்களுக்கு எட்டியது, அவர் கல்லறைக்குப் போனபின்புதான்.