ஒரே இரவில் மூன்று அழைப்பு





சமீபத்தில் நம் சபை வாலிபர்கள் சிலர் என்னிடம் வந்தார்கள. வெளிநாட்டில் ஏழை ஜனங்கள் வாழும் ஓர் இடத்துக்குப் பத்து நாள் ஊழியப் பயணம் போகணும், துணியும் மருந்தும் கொடுத்து, ஜெபித்துவிட்டு வரணும் என்று அவர்களுக்குப் பாரம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் டிக்கெட் எடுக்குமுன் ஒரு அம்மாவின் வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கோங்க என்றேன். அவரும் கொஞ்ச நாளைக்கு என்றுதான் நம் தேசத்துக்கு வந்தார். அவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

1870 டிசம்பரில் ராணிப்பேட்டையில் அமெரிக்க மிஷனெரி குடும்பத்தில் பிறந்தவர் அவர். தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-லேயே இலங்கைக்குப் புறப்பட்டு வந்த மருத்துவ மிஷனெரி. அப்பாவும் டாக்டர். ஆனால் 1876 முதல் 1878 வரை இருந்த தாது வருஷப் பஞ்சத்தைச் சின்ன வயசிலேயே பார்த்த ஐடாவுக்கு இந்தியா என்றாலே பயம். அமெரிக்காவில் படித்து, அங்கேயே நல்லபடியாக வாழவேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ஊழியத்துக்கு வருகிற எண்ணமே கிடையாது.

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று, உதவிக்காகத் திண்டிவனம் வந்தார். ஒரு நாள் ராத்திரி ஒரு பிராமண வாலிபன் வந்து நின்றான். மனைவி பிரசவ வேதனையில் தவிக்கிறாள், நீங்கள் வாருங்கள் என்று கெஞ்சினான். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவைக் கூட்டிப் போங்கள் என்றார் ஐடா. ஆண் டாக்டரை வீட்டுக்குள் விட முடியாது என்று அவன் திரும்பிப் போய்விட்டான். அதே இரவில் ஒரு முகமதியர் வந்தார். பின்பு இன்னொரு மேல்சாதி இந்து வந்தார். அதே வேண்டுதல், அதே மறுப்பு. விடிந்தபோது சாவுமேளம் கேட்டது. மூன்று பெண்களும் மரித்துப்போனார்கள்.

பிரியமானவர்களே, இங்கேதான் நாம் கவனிக்கணும். மறுநாளே பெட்டியைத் திறந்து மருந்து கொடுக்க அவர் ஆரம்பிக்கவில்லை. தனக்குத் தெரியாது என்பதை ஒத்துக்கொண்டு அமெரிக்கா திரும்பினார். மருத்துவம் படித்து, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1900-ல் அவர் திரும்பி வந்தபோது, ஷெல் என்னும் வங்கிக்காரர் தன் மனைவியின் ஞாபகமாகக் கொடுத்த 10,000 டாலர் அவர் கையில் இருந்தது. வந்த சில மாதங்களிலேயே அப்பா இறந்துபோனார். ஆனாலும் தளரவில்லை. வேலூரில் 1902-ல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி, குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நிறுத்தி வைத்தியம் பார்த்தார்.

தான் ஒருத்தி எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? நம் பெண்களே நம் பெண்களைப் பார்க்கவேண்டும் என்று கண்டார். 1909-ல் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். இவர்கள் தேறுவார்களா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. 1922-ல் முதல் வகுப்பில் பரீட்சை எழுதிய 14 பேரும் தேறினார்கள்! 1947 முதல் ஆண்களும் சேர்ந்தார்கள். அதுதான் இன்றைய சி.எம்.சி. கல்யாணம் செய்துகொள்ளாமலே உழைத்த அம்மையார், 1960 மே மாதம் கொடைக்கானலில் 89-வது வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இப்போ என் சாட்சியை மறைக்காமல் சொல்கிறேன். வேதாகமக் கல்லூரி டிப்ளமோவை வாங்கி ஊழியத்துக்கு வந்த புதிது. ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒரு சகோதரர் ஓடிவந்தார். நிறைமாதமாயிருந்த மனைவிக்கு வலிப்பு வருது பாஸ்டர், கொண்டுபோகலாமா என்றார். விசுவாசமாயிருங்கள், விடியட்டும், ஜெபிப்போம் என்றேன். விடிந்தபோது சகோதரிக்கு நினைவில்லை. ஞாயிறு சந்தைக்கு ஆடு இறக்கிவிட்டு நின்ற டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். சகோதரி பிழைத்தார், குழந்தை பிழைக்கவில்லை. அந்த அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்றும் என்னைக் குத்துகிறது. அன்று ஜெபம் தவறல்ல. ஜெபத்தை வண்டியில் ஏறிச் செய்திருக்கலாம். தெரியாததைத் தெரியும் என்று பேசினேன், அதுவே என் பாவம். ஐடா அம்மா தெரியாது என்று ஒத்துக்கொண்டு கற்றுக்கொள்ளப் போனார்.

வாலிபத் தம்பி தங்கைகளே, போங்கள், தடுக்கவில்லை. ஆனால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிற பயணமாக இருக்கவேண்டாம். முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். அந்த ஜனங்களின் பாஷையில் நாலு வார்த்தையாவது படியுங்கள். என்ன கொண்டுபோகலாம் என்று அவர்களையே கேளுங்கள். அதற்குமுன் நம் சிப்காட் பக்கம், வடமாநிலத்திலிருந்து பிழைக்க வந்து ஒரே அறையில் பலராய்த் தங்கியிருக்கிறவர்களைப் போய்ப் பாருங்கள். காய்ச்சல் வந்தால் எங்கே போவது என்றுகூட அவர்களில் பலருக்குத் தெரியாது.

ராத்திரியில் கதவு தட்டப்படும்போது நம் கையில் ஜெபமும் இருக்கட்டும், வண்டிச் சாவியும் இருக்கட்டும். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

ஊழியத்தில் உங்கள் சகோதரன்,
போச்சம்பள்ளி