குளத்தில் விழுந்த நிழல்

அல்லிகளைப் படமெடுக்கும்போது என் நிழல் நீரில் விழுந்தால் நான் விலகுவதில்லை. பிரெஞ்சு ஓவியர் கிளோட் மோனே எடுத்த படம் அப்படிப்பட்டது: 1905 வாக்கில், ஜிவெர்னியில் தம் வீட்டுக் குளத்தில், அல்லி இலைகளுக்கு நடுவே தொப்பியணிந்த தலையின் நிழல்.

1893இல் அந்தக் குளத்தை அமைக்க முனைந்தபோது, அயல்நாட்டுச் செடிகள் ஆற்றுநீரைக் கெடுத்துவிடும் என்று ஊரார் எதிர்த்தனர். போராடித்தான் அனுமதி பெற்றார். பிறகு சுமார் 250 அல்லி ஓவியங்களைத் தீட்டினார்.

1912இல் இரு கண்களிலும் புரை எனத் தெரிந்தது. நிறங்கள் மங்கின. வண்ணக் குழாய்களின் பெயர்ச்சீட்டை நம்பி வரைந்தார். அறுவை சிகிச்சையை 1923வரை தள்ளிப்போட்டார். ஓவியருக்கு அந்தப் பயம் இருக்காதா? வலக்கண் பார்வை தேறியதும், வரைந்து வைத்திருந்தவற்றைத் திருத்தலானார்.

1926 டிசம்பரில், 86 வயதில் இறந்தார். நாட்டுக்கு அவர் அளித்த அல்லி ஓவியங்கள் பாரிஸின் ஒராஞ்சரியில் மக்கள் பார்வைக்கு வந்தது மறு ஆண்டு மே மாதத்தில்தான்.