படிப்பை நிறுத்தாத ஆசிரியர் – தனிநாயகம் அடிகள்



பரிசளிப்பு விழா என்றால் பிள்ளைகளுக்குப் பரிசு, பெற்றோருக்குப் பூரிப்பு. மேடைக்குப் பின்னால் வேர்த்து விறுவிறுக்க நிற்கிற வாத்தியாரைப் பற்றியும் இன்றைக்குக் கொஞ்சம் நினைப்போம். பிள்ளை படிக்கிறதா என்று நாம் தினமும் கேட்கிறோம். வாத்தியார் படிக்கிறாரா, அவர் மனசு தெம்பா இருக்கா, சொல்லி ஆற்றிக்கொள்ள அவருக்கு நாலு கூட்டாளி உண்டா என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை சொன்ன ஒருவர் உண்டு. நம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1969 வரை இந்தியப் பகுதியின் தலைவராக இருந்த பேராசிரியர் சேவியர் தனிநாயகம் அடிகள்தான் அவர்.

யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பொன் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் அவர் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்த பிள்ளை. ஊர்காவற்றுறையிலும் யாழ்ப்பாணத்திலும் பள்ளிப் படிப்பு. பிறகு கொழும்பிலே குருமடம். 1934இல் கப்பலேறி ரோமாபுரிக்குப் போய் 1939 வரை அங்கே பயின்றார். 1938இல் குருப்பட்டம் பெற்றார். ஆங்கிலம், இலத்தீன், இத்தாலியம் என்று பல மொழிகள் அவருக்குக் கைவந்தன. ஆனால் பெற்ற தாயின் மொழியிலே அவருக்குப் போதிய பழக்கம் இல்லை.

1940இல் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊரிலுள்ள புனித தெரசாள் பள்ளியில் துணைத் தலைமையாசிரியரானார். ரோமாபுரியில் படித்த சாமியார், பெரிய பதவி, ஊரே எழுந்து நின்று வணங்கும். அப்படிப்பட்டவர், தமிழ் சரியாகத் தெரியவில்லை என்பதை மூடி மறைத்துவிட்டுக் காலத்தை ஓட்டியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அடிகள் அப்படிச் செய்யவில்லை. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரைத் தேடிப் போய், அவரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் கற்றார். பகலில் ஆசிரியர்; மற்ற நேரத்தில் மாணவர். கத்தோலிக்கக் குருவுக்கு ஓர் ஐயர் தமிழ் சொல்லிக் கொடுத்தார். கற்கிற ஆசையும் கற்பிக்கிற அன்பும் சேர்ந்த இடத்தில் சாதியும் சமயமும் குறுக்கே வரவில்லை.

அதோடு அவர் நிற்கவில்லை. 1945இல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். இளவட்டங்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து தமிழில் முதுகலைப் பட்டம் வாங்கினார். பிறகு சங்கப் பாடல்களில் இயற்கை என்ற பொருளில் ஆராய்ச்சி செய்து மேலும் ஒரு பட்டம் பெற்றார். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. அதனால்தான் தமிழைத் தெரிந்துகொண்டு உலகுக்கும் சொன்னார்.

1952 முதல் 1961 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளராக இருந்தார். அதாவது, ஆசிரியர்களுக்கே ஆசிரியர். அந்த நாளிலும் அவர் படிப்பு ஓயவில்லை. இலண்டன் சென்று, பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை என்பதையே பொருளாக எடுத்து டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். பழந்தமிழ்ப் புலவரும் பாணரும் எப்படிக் கற்பித்தார்கள் என்று தேடிப் பார்த்தவர் அவர்.

இனிதான் முக்கியமான சங்கதி வருகிறது. தான் மட்டும் கற்றுத் தேறினால் போதும் என்று அடிகள் நினைக்கவில்லை. தமிழை ஆராய்கிறவர்கள் அப்போது உலகின் மூலைக்கு ஒருவராகத் தனித்தனியே கிடந்தார்கள். பாரிசில் ஒருவர், பிராகாவில் ஒருவர், சென்னையில் ஒருவர். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழை அடிகள் தொடங்கினார். அதன் ஏடுகளில் அவர்கள் சந்தித்துக்கொண்டார்கள். 1964 சனவரியில் தில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது, வந்திருந்த தமிழறிஞர்களைத் தனியே கூட்டினார். வ. அய். சுப்பிரமணியம் போன்றோர் துணையோடு அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் ஃபிலியோசா தலைவர். அடிகளும் செக் நாட்டுக் கமில் சுவலபிலும் செயலாளர்கள்.

மன்றத்தின் முதல் மாநாடு எங்கே நடந்தது தெரியுமா? நம்ம கோலாலம்பூரில்தான், 1966 ஏப்ரலில். அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் திறந்து வைத்தார். பல நாட்டு அறிஞர்கள் கட்டுரை படித்தார்கள். மற்றவர்கள் குறை நிறை சொன்னார்கள். எவ்வளவு பெரிய பேராசிரியரானாலும் அங்கே எழுந்து நின்று கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே ஆண்டில், 1679இல் அச்சான பழைய தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி ஒன்றையும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழி மறுபடி பதிப்பித்தார். அடுத்த மாநாடு 1968இல் சென்னையிலும், பிறகு 1970இல் பாரிசிலும், 1974இல் யாழ்ப்பாணத்திலும் நடந்தன. 1980 செப்டம்பர் முதல் நாள் அடிகள் மறைந்தார். அவர் போன பிறகும் மன்றம் நின்றுவிடவில்லை. 1987இலும் 2015இலும் மாநாடு மறுபடி கோலாலம்பூருக்கே வந்தது.

சரி, இதெல்லாம் பெரிய பெரிய அறிஞர் கதை, கோல சிலாங்கூர்த் தோட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

அந்தக் காலத்தில் நம் தோட்டங்களில் கிராணியோ தண்டலோ வாத்தியாராக இருந்த பள்ளிகள் பல. ஒரே வாத்தியார், ஒரே கொட்டகை, எல்லா வகுப்பும் அதற்குள்ளேதான். பிள்ளைகளுக்கு ஒண்ணு புரியலேன்னா யாரைப் போய்க் கேட்பார்? இன்று பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்துவிட்டார்கள். ஆனால் பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் சொல்லிப் பழகிய பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஜெராம், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் வரை செம்பனைக்கு நடுவே இருக்கும் பள்ளிகளில் தனிமை முழுக்கப் போய்விடவில்லை. பிள்ளைகள் குறைந்த பள்ளியில் ஆசிரியரும் குறைவு. வீட்டில் சண்டை பார்த்துவிட்டு வரும் பிள்ளை, பசியோடு வரும் பிள்ளை, வாயே திறக்காத பிள்ளை, எல்லாருடைய பாரமும் அந்தச் சிலர் மனசில்தான் இறங்குகிறது. அதை இறக்கி வைக்க இடமில்லாவிட்டால் கோபமாக வெளியே வரும். வாத்தியார் மனசு வாடினால், முதலில் வாடுவது நம்ம பிள்ளைங்கதான்.

பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை தேத்தண்ணியோடு ஒரு மணி நேரம் கூடி உட்காரட்டும். புது உத்தியைச் சொல்லட்டும்; தோற்றுப்போன பாடத்தையும் சொல்லட்டும்; மனசைக் கஷ்டப்படுத்திய பிள்ளையைப் பற்றிப் பேசி வழி தேடட்டும். அங்கே பேசினது அங்கேயே இருக்க வேண்டும். அதை வைத்து யாரும் யாருக்கும் புள்ளி போடக் கூடாது. பள்ளிக்குள் ஆசிரியர்கள் கூடிக் கற்க வேண்டும் என்று கல்வி அமைச்சும் சொல்கிறது. ஆனால் பாரம் நிரப்பி அனுப்புவதோடு அது முடிந்துவிடக் கூடாது. மனம் விட்டுப் பேசுவதாக இருக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கும் இதில் வேலை உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கம் அந்தக் கூட்டத்துக்கு ஒரு மண்டபம், ஒரு பானைத் தேத்தண்ணி கொடுத்தால் போதும். வாத்தியாரைப் பார்த்தால் குறை சொல்வதற்கு முன்னால், நல்லா இருக்கீங்களா சார், நல்லா இருக்கீங்களா டீச்சர் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் ஆசிரியர் ஒரு புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருப்பதைக் கண்டால் சத்தம் போடாதீர்கள். அது உங்களுக்காகவும்தான். துணைத் தலைமையாசிரியராக இருந்துகொண்டே பண்டிதர் முன் மாணவராய் அமர்ந்த அடிகளின் வழியில் நடக்கிறவர் அவர்.

வளர்க ஆசிரியர் குலம்! வாழ்க தனிநாயகம் அடிகளின் புகழ்!