மகாவீராசாரியர் கோத்த எண் மாலை

இருபத்துநான்காம் தீர்த்தங்கரரின் திருப்பெயர் தாங்கிய மகாவீராசாரியர், கி.பி. 9ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கன் ஆட்சியில் வாழ்ந்த சமணக் கணித மேதை. ஏறத்தாழ 850இல் அவர் வடமொழியில் இயற்றிய கணிதசாரசங்கிரகம், வானநூலோடு கலவாமல் கணிதத்தை மட்டுமே உரைக்கும் நூலாகும். ஜினேந்திரரை வணங்கித் தொடங்கும் அந்நூல், உலகியலுக்கும் அறநெறிக்கும் எண்ணறிவு இன்றியமையாதது என வலியுறுத்துகிறது.

எண்ணின் தானங்கள் 24க்கும் பெயர் கூறிய ஆசாரியர், பேரெண்களின் ஒழுங்கையும் காட்டினார். 27994681ஐ 441ஆல் பெருக்கினால் வருவது 12345654321. ஒன்று முதல் ஆறு வரை ஏறி, மீண்டும் ஒன்றுக்கே இறங்கும் இவ்வெண் இருபுறமிருந்தும் ஒன்றுபோலவே அமையும்.

இவ்வழகு தற்செயலன்று. 441 என்பது 21இன் வர்க்கம். 27994681 என்பது 5291இன் வர்க்கம். 21ஐ 5291ஆல் பெருக்கினால் 111111 கிடைக்கும். அதன் வர்க்கமே மேற்கண்ட விடை. அந்த 111111ஓ 3, 7, 11, 13, 37 என்னும் பகா எண்களின் பெருக்கற்பலன். இவ்வாறு ஒழுங்குற அமைந்த விடைகள் சிலவற்றை ஆசாரியர் அரசர் அணியும் கழுத்தணியாகவே கண்டார்.

11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லணர் இந்நூலைத் தெலுங்கில் தந்தார். பல நூற்றாண்டுகள் ஏட்டுச் சுவடிகளில் தங்கியிருந்த மூலம், பேராசிரியர் மா. அரங்காசாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னை அரசினரால் அச்சேறியது. சுவடியைப் பேணியோர் இல்லையேல் இம்மாலை நமக்கு எட்டியிராது.

கணக்கென்றால் அஞ்சும் நம் இல்லத்துச் சிறார், இந்த ஒரு பெருக்கலைத் தம் கையாலேயே செய்து பார்க்கட்டும். அச்சம் அகலும், ஆசாரியரின் நினைவும் நிலைக்கும்.