கத்தரிக் குடும்பத்தின் கணக்கறிந்த அம்மையார்

மணிமுத்தாற்றங்கரையிலும், நம் ஊர்ப் பீங்கான் சூளைகளை அடுத்த தரிசு நிலங்களிலும் கத்தரிக் குடும்பம் தழைத்து நிற்கிறது. மணத்தக்காளி, தூதுவளை, கண்டங்கத்திரி, ஊமத்தை ஆகிய யாவும் அக்குடும்பத்துப் பிள்ளைகளே. ஒன்று உணவு, ஒன்று மருந்து, ஒன்றோ உயிரையே குடிக்கும் நஞ்சு! இவற்றை இனம் பிரித்தறிவது தேர்வுக்கான பாடம் மட்டுமன்று. உயிர் காக்கும் அறிவு. அந்த அறிவுக்கு அடித்தளமிட்டோருள் ஒருவரான ஜானகி அம்மாளின் வாழ்க்கையை நண்பர்கள் முன் வைக்க விழைகிறேன்.

இ. கே. ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று தலைச்சேரியில் பிறந்தார். பெண்ணுக்குத் திருமணமே வாழ்வு என்றிருந்த காலத்தில், அதனை வேண்டாமென விலக்கிப் படிப்பைத் தேர்ந்தார். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அப்பட்டத்திற்கு அவர் ஆராய்ந்தது நிக்காண்ட்ரா என்னும் செடி. பெரு நாட்டைத் தாயகமாகக் கொண்ட இது, நச்சுத்தன்மை உடையதாகக் கருதப்படுவது. காகிதப் பை போன்ற புல்லிவட்டத்துள் காய் ஒளிந்திருப்பதால், நாம் உடைத்து விளையாடும் சொடக்குத் தக்காளியோ என்று மயங்க நேரும். ஆனால் சொடக்குத் தக்காளியின் பூ மஞ்சள், பழம் சாறுள்ளது. நிக்காண்ட்ராவின் பூ இளநீலம், கனி உலர்ந்து போவது. உயிரணுவுக்குள் நோக்கினாலோ வேற்றுமை இன்னும் தெளிவு. சொடக்குத் தக்காளி இனத்தின் அடிப்படைக் குரோமோசோம் எண்ணிக்கை 12, நிக்காண்ட்ராவுக்கு 10. மணத்தக்காளிக் கூட்டத்திலும் இப்படியே. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் செடிகளுள் 24, 48, 72 குரோமோசோம்கள் கொண்ட தனித்தனி இனங்கள் உண்டு.

1934 முதல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அம்மையார், கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலப்பினம் செய்து காட்டினார். பின்னர் இங்கிலாந்து சென்று, குண்டுமழைக்கிடையிலும் ஆய்வைத் தொடர்ந்தார். 1945இல் டார்லிங்டனுடன் இணைந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை நூலை வெளியிட்டார். நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையைச் சீரமைக்கத் துணைநின்றார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுமையிலும் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்கக் குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரி 7 அன்று மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். செடியைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கும் உறவினர் பலர். எழுத்தறியாத என் பாட்டி, மணத்தக்காளியின் பச்சைக் காயைப் பிள்ளைகள் தின்ன விடமாட்டார். கறுத்துக் கனிந்த பின்னரே தருவார். அக்காயில் சோலனின் என்னும் நச்சுப் பொருள் உண்டென்பதை நான் வகுப்பறையில் கற்றேன். பாட்டியின் அறிவுக்கும் ஆய்வகத்தின் அறிவுக்கும் பாலமாவதே என் படிப்பின் பயன் என்று அவர்களுக்குச் சொல்வேன்.

தோழர்களே! ஒவ்வொருவரும் தம் ஊர் நச்சுச் செடி ஒன்றைக் கையுறையுடன் சேகரித்து, பெயரும் இடமும் நாளும் குறித்து, உலர்தாவரத் தாளில் ஒட்டி வைப்போம். அம்மையாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவாகட்டும்!