வீணாய்ப் போன சோதனையை விடாதவர்

கான்கிரீட் கல்லைப் போல உறுதியானது என்று நாம் நினைக்கிறோம். ஆனால், கழிவுநீர் அதையும் அரித்துவிடும். கழிவுநீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை, ஈரமான சுவரில் வாழும் பாக்டீரியாக்கள் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் கான்கிரீட்டை மெல்ல மெல்லத் தின்கிறது. இதைத் தடுக்க, உட்சுவரில் அடர் பாலிஎத்திலீன் தகடு பதிக்கிறார்கள். தகட்டின் பின்புறம் உள்ள முளைகள் கான்கிரீட்டுக்குள் இறுகிக்கொள்ளும். சிங்கப்பூரின் ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் கட்டமைப்பிலும் இத்தகைய பாதுகாப்பு உண்டு. அமிலத் தொட்டிகளுக்கும் இதே பொருள் உதவுகிறது.

இந்தப் பிளாஸ்டிக்கிற்கு வழி திறந்தவர்களில் முதன்மையானவர் கார்ல் சீக்லர். மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது என்பேன்.

1898-இல் ஜெர்மனியின் ஹெல்சா என்ற ஊரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதில் படித்த இயற்பியல் நூல் ஒன்று ஆர்வத்தைத் தூண்ட, வீட்டிலேயே சோதனைகள் செய்யத் தொடங்கினார். 1920-இல் மார்புர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

1943-இல் மியூல்ஹைம் நகரின் நிலக்கரி ஆய்வுக் கழகத்திற்குத் தலைமை ஏற்க அழைப்பு வந்தது. நிலக்கரியை மட்டுமே ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டேன், விரும்பியதை ஆராயும் சுதந்திரம் வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. கழகமும் இணங்கியது.

அங்கே அலுமினியச் சேர்மத்தின் துணையுடன் எத்திலீன் மூலக்கூறுகளை நீண்ட சங்கிலிகளாகக் கோக்க முயன்றார்கள். ஒரு சோதனையில் சங்கிலி நீளவே இல்லை. இரண்டு எத்திலீன்கள் இணைந்த பியூட்டீனோடு நின்றுவிட்டது. கலத்தைக் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். சீக்லர் குழுவினரோ காரணத்தைத் தேடினார்கள். கலத்தில் தங்கியிருந்த மிகச் சிறிதளவு நிக்கல்தான் சங்கிலியைத் துண்டித்தது எனத் தெரிந்தது.

ஓர் உலோகம் சங்கிலியைத் துண்டித்தால், வேறு உலோகம் என்ன செய்யும்? ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். சிர்கோனியம் சங்கிலியை நீளச் செய்தது. டைட்டானியமோ இன்னும் விரைவாகச் செயல்பட்டது. அதுவரை ஆயிரம் வளிமண்டலத்திற்கும் மேற்பட்ட அழுத்தத்தில் உருவான பாலிஎத்திலீன், 1953-இல் சாதாரண அழுத்தத்திலேயே உருவானது. கிளைகள் குறைந்த அதன் சங்கிலிகள் நெருக்கமாக அடுங்கியதால், பொருளும் முன்னதைவிட உறுதியாக இருந்தது.

1963-இல் இத்தாலியின் ஜூலியோ நட்டாவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தம் 70-ஆவது பிறந்தநாளையொட்டி, கழகத்தின் ஆய்வுகளுக்காகச் சுமார் 4 கோடி மார்க் நிதியம் நிறுவினார். 1973-இல் காலமானார்.

எளிதில் மட்காத பிளாஸ்டிக்கைக் கடலோரத்தில் பார்க்கும்போது எனக்கும் கவலைதான். ஆனால், மட்காத அதே குணம்தான் நிலத்தடிச் சுரங்கத்தைக் காக்கிறது. பொருளைக் குறை சொல்வதைவிட, அதை எங்கே பயன்படுத்துகிறோம் என்று யோசிப்பதே அறிவு.

மாணவர்களே, ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராத விடை வந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். ஏன் வந்தது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.