தாரா ஷுகோ

பேரரசர்களின் சரிதங்களைப் பயிலுங்கால், வென்றவர் யாவர், தோற்றவர் யாவர் என்னும் வினாவே நம் உள்ளத்தில் முதற்கண் எழுகின்றது. வென்றார் பெயர் நாணயங்களிலும் கோட்டை வாயில்களிலும் பொறிக்கப்பெறுகின்றது. தோற்றார் சரித்திர நூலின் ஒரு பத்தியில் அடங்கிவிடுகின்றனர். ஆயினும், அரியணையை இழந்தும் அறிவுலகில் தமக்குரிய இடத்தை இழவாதார் சிலர் உளர். அவருள் ஒருவரே மொகலாயப் பேரரசர் ஷாஜஹானின் மூத்த குமாரராகிய தாரா ஷுகோ. இந்திய வேதாந்தத்தையும் இஸ்லாமிய ஞானத்தையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கிய அவ்விளவரசரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

1615-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20-ஆம் நாள் அஜ்மீர் நகரில் தாரா பிறந்தார். அந்நாளில் ஷாஜஹான் இளவரசராகவே இருந்தார். பெண் மகவுகளையே பெற்றிருந்த அவர், ஆண் மகவு வேண்டி, அந்நகரில் அடங்கியுள்ள குவாஜா முயினுத்தீன் சிஷ்தி என்னும் பெரியாரின் சமாதியில் வணங்கினார் என்பர். தவத்தாற் பெற்ற பிள்ளையாதலின், தந்தை அவரைத் தம் கண்ணினும் இனியராகப் போற்றினார். 1628-இல் ஷாஜஹான் அரியணை ஏறினார். 1631-இல் அன்னை மும்தாஜ் மகால் இறந்தபோது தாராவுக்கு வயது பதினாறு. 1633-இல் தம் பெரிய தந்தையாராகிய பர்வேஜின் புதல்வி நாதிரா பானுவை மணந்தார். அரசர் பலரை மணத்தல் வழக்காயிருந்த அக்காலத்தும், அவர் வேறொரு மனைவியை நாடினாரல்லர். தம் மனைவிக்கு அவர் அன்பளிப்பாக அளித்த ஓவியத் தொகுதி இலண்டன் மாநகரில் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் உளது.

தம்பியர் மூவரும் தொலைவிலுள்ள மாகாணங்களை ஆண்டு, போர்க்களங்களிற் பழகி வந்தனர். தாராவோ பெரும்பாலும் தந்தையின் அருகிலேயே இருந்தார். இவ்வன்பே பிற்காலத்தில் அவருக்குக் கேடாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஞானியர் தொடர்பு

இளமையில் தாரா ஒருமுறை கொடிய நோய்வாய்ப்பட்டார். மருத்துவர் கைவிட்ட நிலையில், லாகூரில் வாழ்ந்த மியான் மீர் என்னும் சூபி ஞானியிடம் தந்தை அவரை அழைத்துச் சென்றார். அப்பெரியார் வழங்கிய நீரைப் பருகி நலமுற்றதாகத் தாராவே தம் நூலில் எழுதியுள்ளார். அன்று முதல் அவர் உள்ளம் ஞானியர்பால் ஈடுபட்டது. மியான் மீர் 1635-இல் மறைந்தனர். அவர்தம் மாணாக்கராகிய முல்லா ஷாவைத் தாரா குருவாகக் கொண்டு, காதிரி மரபில் தீட்சை பெற்றார். இஸ்லாமியப் பெரியார்களின் வரலாறுகளைத் திரட்டி 1640-இல் அவர் முடித்த நூலே அவருடைய முதல் நூலாகும். மியான் மீரின் வரலாற்றையும் பின்னர் எழுதினார்.

சூபிகளின் கோட்பாடுகளுள் தலையாயது இறைவனது ஒருமை. உள்பொருள் ஒன்றே, ஏனையவெல்லாம் அதன் தோற்றங்களே என்று அவருள் ஒரு சாரார் கொண்டனர். இக்கருத்தில் ஆழ்ந்த தாராவின் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. உண்மை ஒன்றேயாயின், அது ஒரு மொழியினர்க்கும் ஒரு நாட்டினர்க்கும் மட்டும் வெளிப்பட்டிருத்தல் கூடுமோ என்பதே அது. யூதர் வேதத்தையும், தாவீதரசரின் சங்கீதங்களையும், கிறிஸ்தவ நற்செய்தி நூல்களையும் அவர் தேடிப் படித்தார். அவ்வேதங்களில் ஒருமைப் பொருள் சுருக்கமாகவும் மறைபொருளாகவுமே கூறப்பட்டுள்ளதெனக் கருதி, இந்நாட்டுச் சான்றோர்பால் தம் கவனத்தைத் திருப்பினார்.

1653-இல் காந்தகார்க் கோட்டையை மீட்கச் சென்ற பெரும்படைக்கு அவரே தலைவர். முற்றுகை தோல்வியுற்றது. மீண்டு வரும் வழியில் லாகூரில் தங்கியபோது, பாபா லால் என்னும் இந்துத் துறவியோடு பன்முறை உரையாடினார். உருவ வழிபாட்டின் பயன் யாது என்று இளவரசர் வினவ, மணமாகாச் சிறுமியர் பாவை வைத்து ஆடி, மணமானபின் அதனை விடுத்தல் போல், உட்பொருளை உணராதார்க்கே அது பற்றுக்கோடாகும் என்று துறவி விடை பகர்ந்தார். இவ்வுரையாடல்கள் சந்திரபான் என்னும் பிராமணப் புலவரால் பாரசீக மொழியில் அமைக்கப்பெற்றன. போரில் தோற்று வந்த படைத்தலைவர் ஒருவர், அத்தோல்வியின் மாசு நீங்குமுன்னரே துறவியின் அடியில் அமர்ந்து வினாக்களை அடுக்கியது நமக்கு வியப்பளிக்கின்றது. அரண்மனைப் பெருமக்களுக்கோ அது நகைப்பையும் அச்சத்தையுமே விளைத்திருக்கும்.

இரு கடல்களின் கூட்டம்

1655-இல் தாரா தமது புகழ்பெற்ற ஒப்பாராய்ச்சி நூலை இயற்றினார். இரு கடல்களின் கூட்டம் எனப் பொருள்படும் மஜ்ம உல் பஹ்ரைன் என்பது அதன் பெயர். இத்தொடர் குர்ஆனிலிருந்தே எடுக்கப்பட்டது. சமுத்திர சங்கமம் என்னும் பெயரால் இந்நூலுக்கு வடமொழி வடிவமும் உண்டு. சூபி ஞானம் ஒரு கடல்; வேதாந்தம் மற்றொரு கடல்; இரண்டும் கூடுமிடத்தை ஆராய்வதே நூலின் நோக்கம்.

நூல் இருபத்திரண்டு பிரிவுகளையுடையது. பூதங்கள், புலன்கள், ஆன்மா, ஒலி, ஒளி, உலகங்கள், முத்தி என்று பொருள்தோறும் இரு சாராரின் சொற்களையும் எடுத்து நிரல்பட வைத்து ஒப்பிடுகின்றார். இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவாம். ஆன்மாவின் நிலைகளை நனவு, கனவு, சுழுத்தி, துரியம் என வேதாந்திகள் நான்காகப் பகுப்பர். சூபிகளும் நாசூத், மலகூத், ஜபரூத், லாஹூத் என நான்கு உலகங்களைக் கூறுவர். நாசூத் என்பது நாம் விழித்து வழங்கும் மானிட உலகம்; லாஹூத் என்பது இறைமையே விளங்கும் நிலை. இந்நான்கும் அந்நான்கும் ஒன்றே என்பது தாராவின் முடிபு. அங்ஙனமே, படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் தொழில்களுக்குரிய பிரமன், திருமால், உருத்திரன் ஆகிய மூவரையும், ஜிப்ரீல், மீக்காயீல், இஸ்ராஃபீல் என்னும் வானவர் மூவரோடு பொருத்திக் காட்டுகின்றார்.

இவ்வொப்பீடுகள் யாவும் பொருந்துவனவோ என்று நாம் வினவுதல் வேண்டும். சில நன்கு பொருந்துகின்றன. சில வலிந்து பொருத்தப்பட்டன. சூபிகள் இறைவனது காதல் என்று கூறுவதே வேதாந்திகள் கூறும் மாயை என்கின்றார் தாரா. உலகத் தோற்றத்துக்கு இரண்டும் காரணமாகச் சொல்லப்படுதலின் ஓரளவு ஒற்றுமை உண்டு என்பது மெய்யே. ஆயினும், காதலென்பது இறைவன் தன்னை அறிவிக்க விரும்பிய விருப்பம். சங்கரர் வழியினர்க்கு மாயையென்பது உண்மையை மறைத்து வேறொன்றாகக் காட்டுவது. ஒன்று வெளிப்படுத்துவது, மற்றொன்று மறைப்பது. இவ்வேற்றுமையை அவர் ஆராய்ந்திலர். மேலும், இந்திய தரிசனங்கள் பலவாயிருக்கவும், அத்துவிதக் கொள்கையையே அவர் இந்திய ஞானம் முழுமைக்கும் பிரதிநிதியாகக் கொண்டனர். தம் நூல் இரு சமயத்துப் பாமரர்க்கும் உரியதன்று என அவரே கூறியதும் நம்மால் மறக்கத்தக்கதன்று. கடல்கள் கூடும் துறையிலே மக்கட்கு நீராட இடமில்லையாயின், அக்கூட்டத்தின் பயன் குறைவுபடுகின்றதன்றோ?

இக்குறைகளைக் கூறுதல் அவரை இகழ்தற்கன்று. பிறர் கொள்கையை ஆராயாது பழித்தல் எளிது. ஆராயாது புகழ்தலும் எளிதே. தாரா இரண்டையும் செய்யாது, ஒவ்வொரு சொல்லையும் எடுத்து அதற்கிணை தேடினார். அவ்வுழைப்பின் பயனாகவே, அவர் எங்கே பிழைத்தார் என்பதையும் இன்று நாம் காண முடிகின்றது.

உபநிடத மொழிபெயர்ப்பு

1656-இல் யோகவாசிட்டம் அவருடைய ஆணையால் பாரசீகத்திற் பெயர்க்கப்பட்டது. வசிட்டரும் இராமபிரானும் தம் கனவில் தோன்றியதாகவும், வசிட்டர் பணிக்க இராமபிரான் தம்மைத் தழுவியதாகவும் அதன் முகவுரையில் அவர் குறித்துள்ளார். அடுத்த ஆண்டில் இன்னும் பெரியதொரு முயற்சியை மேற்கொண்டார். காசியிலிருந்து பண்டிதர்களையும் சந்நியாசிகளையும் தில்லிக்கு வருவித்து, ஏறக்குறைய ஐம்பது உபநிடதங்களை ஆறு திங்களில் பாரசீக மொழியில் ஆக்கி முடித்தார். மூலத்தோடு சங்கரர் உரைப்பொருளும் ஆங்காங்கே கலந்து வருகின்றது. பெரும் இரகசியம் எனப் பொருள்படும் சிர்ரே அக்பர் என்று அதற்குப் பெயரிட்டார். குர்ஆனில் மறைந்த நூல் என்று சுட்டப்படுவது உபநிடதமே என அவர் துணிந்து எழுதினார். தம் சமயத்தைத் துறவாமலே, அதன் வேதத்துக்குப் பொருள் காணும் முறையில் அவர் இதனைக் கூறினார். ஆயினும் உலமாக்கள் பலர் இதனைப் பொறுத்திலர்.

வீழ்ச்சி

1657-ஆம் ஆண்டின் நடுவில் மொழிபெயர்ப்பு முடிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஷாஜஹான் நோயுற்றார். உடனே புதல்வர் நால்வர்க்கும் இடையே அரசுரிமைப் போர் மூண்டது. இப்போரைச் சமயப் போர் என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. இராசபுத்திர மன்னராகிய ஜெயசிங்கர் ஔரங்கசீப்பின் பக்கம் சேர்ந்தார். ஜஸ்வந்த் சிங்கர் முதலில் தாராவின் பக்கம் நின்று பின்னர்க் கைவிட்டார். தாராவிடத்தும் குறையுண்டு. தந்தையின் அரவணைப்பில் வளர்ந்தமையால் போர்ப்பயிற்சி போதாதவராகவும், தம் அறிவின்மேல் மிக்க நம்பிக்கையுடையவராய்ப் பெருமக்களை ஏளனஞ் செய்பவராகவும் இருந்தார் என்று, அக்காலத்தில் இங்கு வந்திருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் எழுதியுள்ளார். ஞானியர்முன் பணிந்த தலை, படைத்தலைவர்முன் பணியவில்லை.

1658 மே மாத இறுதியில் ஆக்ராவுக்கு அருகே சாமுகர் என்னுமிடத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. போரின் நடுவே தாரா யானையினின்று இறங்கிக் குதிரைமேல் ஏறினார். யானைமேல் அவரைக் காணாத படையினர், தலைவர் மாண்டார் எனக் கருதிச் சிதறியோடினர். அடுத்த ஆண்டு மார்ச்சில், தாம் பிறந்த அஜ்மீருக்கு அருகிலேயே மறுமுறையும் தோற்றார். பாரசீகம் நோக்கி ஓடும் வழியில் நாதிரா பானு உயிர் நீத்தார். எஞ்சியிருந்த வீரர்களைத் துணையாக அனுப்பி, மனைவியின் உடலை லாகூரில் மியான் மீரின் சமாதிக்கு அருகே அடக்கஞ் செய்யும்படி தாரா பணித்தார். தாம் துணையற்றவராயினார்.

அந்நிலையில் அவர் மாலிக் ஜீவன் என்னும் தலைவனிடம் அடைக்கலம் புகுந்தார். முன்னொருகால் ஷாஜஹான் விதித்த மரண தண்டனையினின்றும் அவனைக் காத்தவர் தாராவே. அவனோ அவரையும் அவர் இளைய மகனையும் பகைவரிடம் ஒப்படைத்தான். 1659 ஆகஸ்டில், அழுக்கேறிய யானையொன்றின்மேல் தில்லித் தெருக்களில் அவர் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டார். கண்ட மக்கள் கதறியழுததைப் பெர்னியர் நேரிற் கண்டு எழுதியுள்ளார். சமய நெறியினின்றும் வழுவினார் என்று குற்றஞ்சாட்டி அவருக்கு மரணம் விதித்தனர். பிரபு என்று நாகரி எழுத்திற் பொறித்த மோதிரத்தை அணிந்தமையும், உபநிடதங்களைப் போற்றியமையும் குற்றங்களாக ஔரங்கசீப்பின் அரசாங்க வரலாற்றில் எண்ணப்பட்டுள்ளன. ஆகஸ்டு 30-ஆம் நாள் இரவு அவர் கொல்லப்பட்டார். உமாயூன் சமாதி வளாகத்தில், பெயர் பொறியாத கல்லறையொன்றில் அவர் உடல் அடங்கியது.

கடல் கடந்த நூல்

ஆயின், நூலைக் கொல்ல ஒருவராலும் இயலவில்லை. 1755-இல் புதுச்சேரித் துறைமுகத்தில் வந்திறங்கிய பிரெஞ்சு இளைஞர் ஆங்கெத்தில் துப்பெரோன் என்பவர், கீழ்நாட்டு வேதங்களைத் தேடுவதற்கென்றே போர்வீரராகப் பெயர் பதிந்து கப்பலேறியவர். அவர் தாயகம் திரும்பிய பின்னர், அயோத்தி நவாபின் அரசவையில் இருந்த பிரெஞ்சுப் பிரதிநிதி ஒருவர், தாராவின் உபநிடதப் பிரதியை 1775-இல் அவருக்கு அனுப்பினார். பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பிடையே வறுமையில் வாழ்ந்த அவ்வறிஞர், அதனைச் சொல்லுக்குச் சொல் இலத்தீனில் பெயர்த்து, 1801, 1802 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். 1814-இல் வைமார் நகர நூலகத்திலிருந்து அதனை வாங்கிச் சென்ற இளைஞர் ஒருவர், பிளேட்டோ, காண்ட் ஆகியோர் தத்துவங்களுக்கு நிகராக உபநிடதங்களை வைத்தெண்ணினார். அவரே செர்மானியத் தத்துவ அறிஞர் ஷோப்பன்ஹவர். வாழ்விலும் சாவிலும் அந்நூலே தமக்கு ஆறுதல் என அவர் பின்னாளிற் குறிப்பிட்டார். வடமொழியில் தோன்றி, பாரசீகத்திற் புகுந்து, இலத்தீனைக் கடந்து, செர்மானிய உள்ளமொன்றை அடைந்தது ஒரே கருத்து. அவ்வழியில் முதற்பாலத்தை அமைத்தவர் தில்லியில் தலையிழந்த இளவரசரே.

முடிவுரை

கல்லூரியிற் பயிலும் நாம், கிரேக்கர் கூறியது இது, வேதாந்திகள் கூறியது இது என்று இரு நிரல்களாக எழுதித் தேர்வுக்கு ஆயத்தமாகின்றோம். அவ்வட்டவணையில் ஒவ்வொரு கோட்டையும் ஒருவர் தம் வாழ்நாளைச் செலவிட்டு வரைந்தார் என்பதை நாம் நினைப்பதில்லை. தாரா ஷுகோவின் சரிதம் அதனை நினைப்பூட்டுகின்றது. அவர் பிறர் வீட்டு வாயிலிற் சென்று நின்று, அவ்வீட்டார் மொழியிலேயே அவர்தம் பொருளைக் கேட்டார். அவர் ஒற்றுமையை மட்டும் கண்டு வேற்றுமையைக் காணாது விட்டனர்; அப்பணி நமக்கு எஞ்சியுள்ளது. வேற்றுமையை அஞ்சாது ஆராய்ந்தும் அன்பு குன்றாதிருத்தல் கூடும் என்பதை நம் படிப்பினாலும் பழக்கத்தினாலும் காட்டுவோமாயின், பெயர் பொறியாத அக்கல்லறைக்கு நாம் செலுத்தும் காணிக்கை அதுவேயாகும்.